மழையில் கயாக், கரையில் ஓர் இரவு: காசு கொடுத்து வாங்கும் அவஸ்தையா?

அக்டோபர் 9, மாலை 6:40 (கேள்வி)

சியாட்டிலுக்குக் குடிவந்து இரண்டாவது ஆண்டு. கோடையில் ஏரியில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டிப் பழகியிருக்கிறேன். அலுவலக நண்பர்கள் நவம்பரில் கடலில் ஒரு தீவுக்குக் கயாக்கிலேயே போய், கூடாரம் போட்டு, ஓர் இரவு தங்கலாம் என்கிறார்கள். நவம்பர் என்றால் மழை நிச்சயம். மழையில் கயாக் முகாம் என்பது காசு கொடுத்து வாங்கும் அவஸ்தை, கூடவே ஆபத்து என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அக்டோபர் 9, இரவு 9:15

மறுக்கிறேன், பாதியை மட்டும். அவஸ்தையைப் பிறகு பேசலாம். மழை பெய்கிறது, ஆகவே ஆபத்து என்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு. கயாக்கில் உட்கார்ந்திருப்பவனை மழை என்ன செய்துவிடும்? துடுப்பிலிருந்து வழிகிற தண்ணீரில் அவன் கை ஏற்கெனவே முழங்கை வரை நனைந்துதான் இருக்கிறது. கவிழ்ப்பது காற்று. கொல்வது குளிர்ந்த கடல்.

வானிலைச் செயலியில் மேகப் படத்தைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் சூரியன் படம் இருந்தால் காற்றின் வேகம் எத்தனை நாட் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) என்று கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள். ஆபத்து இந்த இரண்டாவது பழக்கத்தில்தான்.

இன்னொன்று. சியாட்டில் மழை என்று ஊரெல்லாம் பேச்சே தவிர, இங்கே ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 950 முதல் 1000 மில்லிமீட்டர். சென்னையில் 1400 சொச்சம். வித்தியாசம் பெய்கிற முறையில் இருக்கிறது. சென்னையில் வடகிழக்குப் பருவம் வந்தால் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அதைவிடக் குறைந்த தண்ணீர் ஆண்டில் 150 நாட்களுக்கு மேல் பிரித்துப் பிரித்துத் தூறுகிறது. நான் கடலூர்க்காரன். வந்த புதிதில் இதை மழை என்று ஒப்புக்கொள்ளவே மனம் வரவில்லை.

அக்டோபர் 10, காலை 7:50

எந்தத் தீவு என்று நீங்கள் சொல்லவில்லை. சியாட்டில் நண்பர்கள், ஓர் இரவு, கயாக் என்றால் பிளேக் தீவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழுத் தீவும் மாநிலப் பூங்கா. பாலம் கிடையாது. கார் கிடையாது. படகில்தான் போக வேண்டும். சுற்றிலும் சுமார் 8 கிலோமீட்டர் கரை, நடுவில் காடு. சியாட்டில் நகருக்குப் பெயர் கொடுத்த பூர்வகுடித் தலைவர் பிறந்த இடம் என்று சொல்லப்படுவதும் இந்தத் தீவுதான். 1993 நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டன், ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் தலைவர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசியதும் இங்கேதான். நவம்பரில்! அவர்கள் கயாக்கில் வரவில்லை என்பது உண்மைதான்.

அதே 1993இல்தான் காஸ்கேடியா கடல் தடமும் தொடங்கியது. தெற்கே ஒலிம்பியாவிலிருந்து வடக்கே கனடா எல்லை வரை, சியாட்டிலை ஒட்டி நிலத்துக்குள் நீளும் ப்யூஜெட் சவுண்ட் கடலின் கரையோரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட முகாம் இடங்கள். துடுப்பாலோ பாயாலோ நகர்ந்து, கரையில் இழுத்து ஏற்றக்கூடிய படகில் வருபவர்களுக்கு மட்டும். மோட்டார் படகுக்காரர்களுக்கு இடம் இல்லை. பிளேக் தீவின் மேற்குப் பக்கத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு.

எங்கிருந்து கிளம்புவது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. நகர ஆட்கள் மேற்குச் சியாட்டில் கரையில் இருக்கும் அல்கையிலிருந்து கிளம்புவார்கள். ஏறத்தாழ 6 கிலோமீட்டர். நடுவில் டகோமா துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல்களின் பாதை குறுக்கே வரும். மழையில் பார்வை ஒரு கிலோமீட்டருக்குச் சுருங்கிவிட்டால், கப்பல் கண்ணில் பட்டு நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும். "நிற்கும்" என்று எழுதிவிட்டேன். நிற்காது, அதுதான் பிரச்சினை.

நான் எப்போதும் எதிர்க்கரைக்குப் போய் மான்செஸ்டரிலிருந்து கிளம்புகிறேன். தூரம் 3 கிலோமீட்டர் சொச்சம். கப்பல் பாதை தீவுக்கு அந்தப் பக்கம் தங்கிவிடுகிறது. பிரெமர்டன் ஊருக்குப் போகும் ஃபெர்ரி (கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு) வடக்கே வேறு வழியில் போகிறது. சவுத்வர்த் ஊருக்குப் போகும் ஃபெர்ரி தீவுக்குத் தெற்கே போகிறது. மான்செஸ்டரில் கடற்படையின் எரிபொருள் கிடங்கு இருக்கிறது. அதன் துறைமேடைப் பக்கம் மட்டும் நெருங்க வேண்டாம். காரில் சுற்றி வர நேரமாகும், ஃபெர்ரிக் கட்டணம் ஆகும் என்று உங்கள் நண்பர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

அக்டோபர் 10, மாலை 5:30

"3 கிலோமீட்டர்தானே, கவிழ்ந்தால் நீந்திவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நீந்த முடியாது. இந்தக் கடலின் நடுப்பகுதியில் தண்ணீர் கோடையிலேயே 13 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். குளிர்காலத்தில் 8 டிகிரி. குளிர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் போனால் கதை முடிந்தது. அடுத்த 10 நிமிடம் வரை கைகால் உங்கள் பேச்சைக் கேட்கும். அதன்பின் விரல் மடங்காது, கயாக்கின் விளிம்பைக் கூடப் பிடிக்க முடியாது. நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். அந்த ஒரு மணி நேரமும் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவனுக்குத்தான்.

ஆகவே ட்ரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை. வாடகைக்குக் கிடைக்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் இறுக்கும், முதல் அரை மணி நேரம் கழுத்தை நெரிப்பது போல இருக்கும், பழகிவிடும். உள்ளே கம்பளி. பருத்தி ஒரு நூல் கூட வேண்டாம். காற்றை எதிர்பார்த்து உடை அணிபவர்கள் உண்டு, மழையை எதிர்பார்த்து அணிபவர்கள் உண்டு. தண்ணீரில் விழப் போகிறோம் என்று எண்ணி அணியுங்கள்.

அக்டோபர் 12, காலை 10:05

ஞாயிற்றுக்கிழமை. வெளியே தூறல். நிதானமாக எழுதலாம்.

சென்ற நவம்பரில் போனதைச் சொல்கிறேன். நான், பழைய துணைவர்கள் இருவர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனன். அவனுக்குக் கயாக் புதிது, ஆகவே இருவர் அமரும் கயாக்கில் என் முன்னால். சூட்டுக்குள் கம்பளி போடச் சொன்னால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "நனையாத சூட்தானே மாமா, உள்ளே எது இருந்தால் என்ன?" நியாயமான கேள்விதான். மழை வெளியிலிருந்துதான் வரும் என்று நினைப்பவனுக்கு வியர்வை நினைவுக்கு வராது. அரை மணி நேரம் துடுப்புப் போட்டதும் உள்ளிருந்தே நனைந்துவிட்டான். கரையில் இறங்கி நின்றபோது அந்த ஈர ஜீன்ஸ் அவன் உடம்பின் வெப்பத்தையெல்லாம் உறிஞ்சத் தொடங்கியது.

போகும்போது தெற்குக் காற்று, 8 நாட் இருக்கும். தீவுக்குத் தெற்கே கொல்வோஸ் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நீரோட்டம், கடல் ஏறும் நேரமானாலும் (ஏற்றம்) இறங்கும் நேரமானாலும் (வற்றம்), பெரும்பாலும் வடக்கு நோக்கியே ஓடும். தெற்குக் காற்றும் அதே திசை என்பதால் அலை பெரிதாக எழாது. அதே இடத்தில் வடக்குக் காற்று அடித்தால், காற்றும் நீரோட்டமும் மோதி, அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அன்று மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. மழைத்துளி விழும் இடமெல்லாம் சின்னச் சின்ன முளை எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை அதுதான். மைத்துனன் பேச்சை நிறுத்திவிட்டான். அவனைப் பொறுத்தவரை அது அபூர்வம்.

கரை சேர்ந்தபின் நடந்ததுதான் இந்த இழைக்கு முக்கியம். மழை முகாமில் எல்லாமே வரிசைதான். எதை முதலில் வெளியே எடுக்கிறோம், எதைக் கடைசி வரை எடுக்காமல் இருக்கிறோம் என்பதில்தான் இரவின் தலைவிதி இருக்கிறது. இறங்கியதும் கயாக்கைத் திறந்து எல்லாவற்றையும் கடற்கரையில் பரப்புவது மனித இயல்பு. அதைச் செய்யக் கூடாது. முதலில் வெளியே வர வேண்டியது தார்ப்பாய், கயிறு. அதனால் அவை கடைசியாக உள்ளே போயிருக்க வேண்டும், சாமான் அறையின் மூடிக்கு நேர் கீழே. இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் ஒரு கயிறு, அதன்மேல் தார்ப்பாய், ஒரு பக்கத்தைக் காற்று வரும் திசையில் தாழ்த்திக் கட்ட வேண்டும். கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் வேறு மரம். தார்ப்பாய் ஏறியபின்தான் மற்ற எதுவும் கயாக்கைவிட்டு வெளியே வரலாம். கூடாரத்தையும் தார்ப்பாய்க்குக் கீழேயே விரித்து எழுப்பிவிட்டு, பிறகு அதன் இடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். உள்கூடாரம் நனையாது.

உலர்ந்த துணி வைத்திருக்கும் பை எல்லாவற்றுக்கும் கடைசி. ஈர வேலை அனைத்தும் முடிந்து, இனிமேல் மழைக்கு வெளியே போகப் போவதில்லை என்று ஆனபின்தான் அதைத் திறக்க வேண்டும். என் மைத்துனன் இறங்கியவுடனே குளிர்கிறது என்று உலர் துணிக்கு மாறிவிட்டான். பிறகு, "தண்ணீர்க் கேனை எடுத்துவருகிறேன்" என்று பெருந்தன்மையோடு மழையில் இறங்கி நடந்தான். இரவுக்கு அவனிடம் இருந்தவை இரண்டு ஈர உடைகள்.

நல்லவேளையாக என்னிடம் கூடுதலாக ஒரு கம்பளி இருந்தது. அதை இன்னும் திருப்பித் தரவில்லை.

அக்டோபர் 12, பகல் 2:20

விட்டுப்போனது. வாடகைக்கு எடுத்த அந்த இரட்டைக் கயாக்கின் பின்பக்க மூடி ஒழுகியது. கடையின் பெயர் வேண்டாம். கரையில் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு சொம்பு தண்ணீர், அதில் என் ஸ்லீப்பிங் பேக் (தூங்கும் பை) வைத்த ட்ரை பேக், அதாவது நீர் புகாத பை, ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய குப்பைப் பையைச் சுற்றி வைத்திருந்ததால் பிழைத்தேன். சாமான் அறை நனையாது என்று கடைக்காரர் சொல்வார். நம்புவது போலத் தலையை ஆட்டுங்கள். நம்ப வேண்டாம். தூங்கும் பைக்கும் உலர் துணிக்கும் இரண்டு உறை போடுங்கள்.

சாமான் வைப்பதிலும் ஒன்று இருக்கிறது. கனமானவை, அதாவது தண்ணீர், அடுப்பு, அரிசி, எல்லாம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், அடியில். மூக்கிலும் வாலிலும் லேசானவை. வால் கனத்தால் காற்றில் கயாக் நேராகப் போகாது. நாள் முழுக்க ஒரு பக்கமே துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அக்டோபர் 12, இரவு 11:10

ரக்கூன் (முகமூடி போட்டது போன்ற முகமுள்ள, கை தேர்ந்த திருட்டு விலங்கு) பற்றி எச்சரிக்காமல் தூங்கப் போனால் பாவம் சேரும்.

பிளேக் தீவு ரக்கூன்களுக்கு ஜிப் திறக்கத் தெரியும். முடிச்சுப் போட்ட பை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றுக்கு மழையும் ஒரு பொருட்டில்லை. நாம் தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் இரவுதான் அவற்றுக்கு வசதி. நெய் மணக்கும் மைசூர்பாகு டப்பாவைக் கூடாரத்தின் முன்தாழ்வாரத்தில் வைத்துவிட்டுத் தூங்கிய ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். காலையில் டப்பா இருந்தது, மூடியும் இருந்தது, தனித்தனியாக. உணவு முழுவதையும் கயாக்கின் சாமான் அறையில் வைத்து, மூடியின் பட்டைகளை இழுத்துக் கட்டிவிடுங்கள். பல் துலக்கும் பசையும் உணவுதான், அவற்றைப் பொறுத்தவரை.

அக்டோபர் 13, மாலை 6:00

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகக் கேள்வி வந்திருக்கிறது. நம் ஆட்கள்.

புளிக்காய்ச்சலை வீட்டிலேயே செய்து பாட்டிலில் அடைத்துவிடுங்கள். அங்கே சாதம் மட்டும் வடித்தால் போதும். மழையில் காய் நறுக்குவது, தாளிப்பது எல்லாம் படத்துக்கு அழகு. ரசப்பொடியை வெந்நீரில் கொதிக்கவிட்டுக் குவளையில் குடியுங்கள். பருப்பு வேண்டாம், தக்காளி வேண்டாம், சாத்திரம் பார்க்க அங்கே யாரும் இல்லை. படுப்பதற்கு முன் நெய்யோ கடலை மிட்டாயோ உள்ளே போக வேண்டும். கொழுப்பு செரிக்கும்போது உடம்பு உள்ளிருந்து சூடாகும். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மூடியை இறுகத் திருகி, காலுறைக்குள் போட்டு, தூங்கும் பையின் கால் பக்கம் தள்ளிவிடுங்கள்.

அடுப்பு தார்ப்பாய்க்குக் கீழே. கூடாரத்துக்குள் கிடையாது, மழை எவ்வளவு அடித்தாலும் கிடையாது. தீப்பிடிப்பது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை.

அக்டோபர் 15, காலை 6:35

கயாக்கை இரவில் எங்கே விடுவது என்று கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். முடியாது.

சியாட்டிலில் பெரிய ஏற்றத்துக்கும் பெரிய வற்றத்துக்கும் இடையே சராசரியாக 3.5 மீட்டர் வித்தியாசம். கடலூர், சென்னைக் கரையில் வளர்ந்தவனுக்கு இது மண்டையில் ஏறாது. அங்கே ஒரு மீட்டர் சொச்சம்தான். இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், உயரம் ஒன்றுக்கொன்று சமமில்லை. கோடையில் பெரிய வற்றம் பகலில் வரும். குளிர்காலத்தில் இரவில் வரும். நவம்பர், டிசம்பரில் காலை ஏற்றம்தான் பெரும்பாலும் மாலை ஏற்றத்தைவிட உயரமானது. இதில்தான் பொறி. மாலையில் இறங்குகிறீர்கள், தண்ணீர் எட்டிய கோடு மணலில் ஈரமாகத் தெரிகிறது, அதற்கு மேலே நாலடி தள்ளிக் கயாக்கை வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறீர்கள். விடியும்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி வந்திருக்கும்.

மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மழையைக் கொண்டுவருவது தாழ்வழுத்தம். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். அட்டவணையில் போட்டிருக்கும் ஏற்றம் சராசரி அழுத்தத்துக்கானது. நல்ல புயல் ஒன்று 30 ஹெக்டோபாஸ்கல் குறைத்துக்கொண்டு வந்தால், அட்டவணைக்கு மேல் ஓர் அடி. தட்டையான கரையில் ஓர் அடி உயரம் என்பது பல அடி தூரம்.

மணலில் உள்ள ஈரக்கோட்டைப் பார்க்காதீர்கள். கரையின் உச்சியில் பெரிய பெரிய மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும். கடலால் அதிகபட்சம் எதுவரை வர முடியும் என்பதை அவை சொல்லும். கயாக் அவற்றுக்கும் மேலே போக வேண்டும். அங்கேயும் சும்மா விடாமல் உயிருள்ள மரத்தில் கட்ட வேண்டும். சாமானோடு தூக்கினால் இடுப்பு போய்விடும், கயாக்கின் அடிப்பாகம் வளையும். காலி செய்துவிட்டுத் தூக்குங்கள். அந்தப் பெரிய மரச்சாமான் கடையில் விற்கும் நீலப் பை இரண்டு போதும்; சின்னப் பைகள் எல்லாவற்றையும் அதில் போட்டு ஒரே நடையில் ஏற்றிவிடலாம்.

அக்டோபர் 16, இரவு 10:40

9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். காற்றைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. மழை உடன்பயணி மட்டுமே என்ற தொனி மட்டும் இன்று கொஞ்சம் உறுத்துகிறது.

மழை மெதுவாக வேலை செய்கிறது. கையுறையைக் கழற்றி முடிச்சை அவிழ்க்கும்போது, விரல் நுனி ஊறிச் சுருங்கி, கயிற்றின் முனை எது என்று தடவித் தெரியாத ஒரு கட்டம் வரும். வரைபடத்தை எடுக்கச் சோம்பல் வரும், ஏனென்றால் எடுத்தால் நனையும். தண்ணீர் குடிக்கச் சோம்பல், சிறுநீர் கழிக்கச் சோம்பல். ட்ரை சூட்டோடு அது பெரிய சடங்கு. அதனால் குடிப்பதையே குறைப்பார்கள். களைப்பில் முடிவுகள் தளரும். "போய்விடலாம், பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தை யாராவது ஒருவர் வாயில் வரும். அப்படிச் சொன்னவன் மேல் மழைதான் வேலை செய்திருக்கிறது.

பிறகு, இருட்டு. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனதும், மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மறுநாள் உதயம் 7 மணியை ஒட்டி. நடுவில் 14 மணி நேரம். கோடையில் முகாமிட்டுப் பழகியவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எட்டு மணிக்குள் சாப்பிட்டு, பேசி, பழைய சண்டைகளைக் கிளறி, தூங்கி, விழித்துப் பார்த்தால் மணி இரவு இரண்டு. தார்ப்பாயில் மழை. கூடாரத்தின் உட்புறம் நம் மூச்சே நீராகத் திரண்டு, மூக்கில் ஒரு சொட்டு. காற்றுத் துவாரத்தை மூடினால் கதகதப்பாக இருக்கும் என்று நினைத்து மூடுவார்கள். இன்னும் அதிகமாகச் சொட்டும். திறந்தே இருக்கட்டும்.

அவஸ்தை என்று நீங்கள் சொன்னது இந்த இரவு இரண்டு மணிதான் என்றால் எனக்கு மறுப்பு இல்லை.

அக்டோபர் 17, காலை 8:15

"அப்படியானால் ஏன் போகிறீர்கள்?" கேட்டவருக்கு: ஜூலையில் அதே இடத்தில் கூடாரம் போட மூலை தேட வேண்டும், பக்கத்துக் கூட்டம் நள்ளிரவு வரை பாட்டு வைத்திருக்கும். நவம்பர் மழையில் தீவின் மேற்குப் பக்கம் முழுக்க எங்களுடையது. மான் வந்து தார்ப்பாய் ஓரத்தில் நின்று மேய்ந்தது.

அதோடு, மழைக்கு முந்தைய மாதங்களிலும் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில், நிலவில்லாத இரவில், தூறலில் ஒருமுறை கரையோரமாகக் கயாக்கை இறக்கினோம். கடலில் ஒளிரும் நுண்ணுயிர்கள் நிறைந்திருந்த சமயம். துடுப்பு பட்டால் நீலமாக எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். மழைத்துளி பட்டாலும் எரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு துளிக்கும் ஒரு பொறி. நவம்பருக்குள் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகவே உங்கள் பயணத்தில் எதிர்பார்க்க வேண்டாம். சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 17, மாலை 7:30

திமிங்கிலம் வருமா என்று கேட்டவருக்கு. இலையுதிர் காலத்தில் 'சம்' என்ற வகைச் சால்மன் மீனைத் துரத்திக்கொண்டு ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம்) கூட்டங்கள் இந்தப் பக்கம் வருவதுண்டு. 'தெற்குக் குடியிருப்பு' என்று பெயரிடப்பட்ட, இங்கேயே வாழும் ஓர்க்காக்களிடமிருந்து, 2025 முதல் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 1000 கஜம் தள்ளி நிற்க வேண்டும். கிட்டத்தட்ட 900 மீட்டர். கயாக்குக்கும் உண்டு. "நான் போகவில்லை, அதுதான் என்னிடம் வந்தது" என்று சொல்லும் நிலை வந்தால் துடுப்பை நிறுத்திவிட்டு, அது போகும் வரை அசையாமல் இருங்கள். மழையில் முதுகுத் துடுப்பு கண்ணில் படுவதற்கு முன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

அக்டோபர் 19, காலை 11:00

ஒரு வாசகர் 12ஆம் தேதிக் குறிப்புடன் மல்லுக்கு நிற்கிறார். தார்ப்பாய் எல்லாம் எதற்கு, நல்ல விலையில் பெரிய கூடாரம் வாங்கினால் போதும் என்கிறார். ஈரமான நாலு பேர், ஈரமான நாலு சூட், ஈரமான காலணிகளோடு அந்தப் பெரிய கூடாரத்துக்குள் ஏறிய பத்தாவது நிமிடம் உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் எழுதவில்லை. கூடாரம் உலர்ந்தவை இருக்கும் இடம். ஈரத்துக்கு வேறு ஒரு கூரை வேண்டும். அவருடைய இன்னொரு கருத்து சரி: நான் சொன்னபடி ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டிய தார்ப்பாய், இரவில் காற்று திசை மாறினால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மழையைக் கொண்டுவரும் குளிர்காற்று முகப்பு கடந்ததும் தெற்குக் காற்று மேற்காகத் திரும்புவது இங்கே வழக்கம். படுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் தாழ்த்திவிடுவது உத்தமம்.

கணப்பு மூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே கிடக்கும் கட்டைகள் அக்டோபரிலிருந்தே ஊறிக்கிடப்பவை. புகை வரும், கண்ணீர் வரும், சூடு வராது. நேரத்தைச் சாப்பிடும் என்பதால் மேற்படி 14 மணி நேரத்துக்கு நல்ல துணை.

அக்டோபர் 21, இரவு 9:50

கேள்வி கேட்டவரே வந்து "போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம், எந்த நிலையில் ரத்து செய்வது?" என்று கேட்டிருக்கிறார். ஆகட்டும்.

செயலியில் உள்ள நகர வானிலையைப் பார்க்க வேண்டாம். தேசிய வானிலைச் சேவை ப்யூஜெட் சவுண்டுக்குத் தனியாகக் கடல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் சிறு படகு எச்சரிக்கை இருந்தால், அதாவது 21 நாட் முதல் 33 நாட் வரை காற்று என்றால், பேச்சே இல்லை. ஏரியில் மட்டும் பழகியவர் என்றீர்கள். உங்களுக்கு 12 நாட் என்றாலே வேண்டாம் என்பேன். போகிற நாளை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். திரும்புகிற நாள்தான் முக்கியம். போகாமல் இருப்பது எளிது. தீவில் மாட்டிக்கொண்டபின் திங்கட்கிழமைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு ஞாயிறு மாலை கடலில் இறங்குபவர்கள்தான் செய்தியில் வருகிறார்கள். ஒரு நாள் உணவு கூடுதலாக எடுங்கள். திங்கட்கிழமை வர முடியாமல் போகலாம் என்று மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவல் படையை அழைப்பது என்று எழுதிக் கொடுங்கள்.

கையடக்க விஎச்எப் வானொலி (படகுகளும் காவல் படையும் பேசிக்கொள்ளும் இருவழி வானொலி) ஒன்றாவது கூட்டத்தில் இருக்க வேண்டும். பையில் வைக்காதீர்கள், லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். 16ஆம் அலைவரிசை ஆபத்துக்கு. அதிலேயே வானிலை அலைவரிசையும் உண்டு. கூடாரத்தில் படுத்தபடியே காலை முன்னறிவிப்பைக் கேட்கலாம். ஈரக்கையால் தொடுதிரை வேலை செய்யாது என்பதை மழையில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். ஐந்து மணிக்கு முன்பே இருட்டுவதால் வெள்ளை விளக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள், கரைக்குப் பக்கத்தில், சூட்டோடு வேண்டுமென்றே கவிழ்ந்து, துணைவரின் உதவியோடு மறுபடி ஏறிப் பாருங்கள். இதைச் செய்யச் சம்மதிக்காத நண்பர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரைச் சமையலுக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அக்டோபர் 22, காலை 7:20

ஈரக் கூடாரத்தை அடுக்ககத்தில் எங்கே காயப்போடுவது என்ற கேள்விக்கு: குளியலறைத் திரைக் கம்பியில், ஒரு வாரம். கூடாரத்தை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜிப், துடுப்பின் இணைப்பு, சூட்டின் ரப்பர் எல்லாவற்றையும் நன்னீரில் அலசுங்கள், உப்பு அரித்துவிடும். ரப்பரை வெயிலில் காய வைக்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நவம்பரில் இங்கே அந்தக் கவலை வேண்டாம்.